ரேவதி சொன்னது திறக்கவில்லை

ஐப்பசி, திங்கள்

காலையிலிருந்து தூறல். நல்லூர் ரோடெல்லாம் சேறு. செருப்பு வார் அறுந்து, பாதி தூரம் வெறுங்காலில்.

இன்று எங்கள் பனியன் கம்பெனியில் பெண்கள் புகார்க் கமிட்டிக் கூட்டம்; புகாரைக் கேட்டு அடிப்பது என் வேலை. நடக்கவில்லை. ஃபைல் திறக்கவில்லையாம்!

போன வாரம் செக்கிங்கில் வேலை பார்க்கும் ரேவதி என் எதிரில் உட்கார்ந்து சொன்னதை, அவள் வார்த்தையிலேயே தமிழில் அடித்தேன். லைன் சூப்பர்வைசர் தைத்த பீஸ் பார்க்கிற சாக்கில் பின்னால் வந்து நிற்பது. தோளில் கை வைப்பது. கையைத் தட்டிவிட்ட நாளிலிருந்து ஓவர்டைம் கிடையாது. சொல்லி முடிக்கும்வரை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அதன் கீழே, சூப்பர்வைசர் இங்கிலீஷில் அனுப்பிய பதில். இரண்டையும் ஒரே ஃபைலாக மேனேஜருக்கு அனுப்பியிருந்தேன்.

என் லேப்டாப்பில் புது வேர்டு. மேனேஜர் ரூமில் ஆதிகாலத்து வேர்டு. புது ஃபைலை அதில் திறந்தால் ஒரே கிறுக்கல்.

"ஃபைல் கெட்டுப்போச்சுங்க அம்மிணி. வக்கீலம்மாகிட்ட இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றார் மேனேஜர்.

வக்கீலம்மா கமிட்டியின் வெளி உறுப்பினர். கெட்டுப்போகவில்லை, உங்கள் வேர்டு பழசு என்றேன். புதிது போட விண்டோஸையும் மாற்ற வேண்டுமாம். மாற்றினால் பில்லிங் சாஃப்ட்வேர் ஓடாதாம். பில்லிங் ஓட வேண்டும். ரேவதி நிற்கலாம்.

வாங்க வேண்டியது: செருப்பு, தயிர், பாப்பாவுக்கு கலர் பென்சில்.

செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

பழைய வேர்டுக்கு ஏற்ற மாதிரி 'சேவ் ஆஸ்' போட்டு, பென் டிரைவில் கொண்டுபோய் மேனேஜர் மெஷினில் நானே திறந்தேன். திறந்தது. திறந்து என்ன? ரேவதி சொன்னதெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக. அந்த மெஷினில் தமிழ் எழுத்தே போடவில்லை. கீழே சூப்பர்வைசரின் இங்கிலீஷ் மட்டும் ஒரு புள்ளி பிசகாமல். எல்லாம் அபாண்டமாம். தனக்கும் இரண்டு பெண் குழந்தைகளாம்.



"பதில் தெளிவா இருக்குதில்லீங்க," என்றார் மேனேஜர். "அந்தப் புள்ள சொன்னத இங்கிலீஷ்ல ரெண்டு வரி மேல சேர்த்துட்டாப் போச்சு. நானே அடிச்சுட்டேன், பாருங்க."

பார்த்தேன். 'சின்ன மனத்தாங்கல். பேசித் தீர்க்கப்பட்டது' என்று அர்த்தம் வரும்படி. யார் பேசினது? யார் தீர்த்தது?

"இது அவ சொன்னதில்லீங்க சார்."

"எல்லாம் ஒண்ணுதானுங்க. நம்ம சரக்கு வாங்கற பையர் ஆடிட் வருது. பெருசு பண்ண வேண்டாம்."

வெளியே வந்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. வீட்டில் மாமியார் பாவம், காபி வேண்டுமா என்று கேட்டதற்குச் சுள்ளென்று விழுந்தேன்.

புதன்

ரேவதியைக் கேன்டீனில் பிடித்தேன். ஊர் மடத்துக்குளம். இங்கே ஹாஸ்டல்.

"உட்டுருங்கக்கா. நான் ஊருக்கே போயர்றேன்."

"நீ எதுக்குப் போகோணும்? அவன் போகட்டும்."

கேன்டீன் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். டீ ஊற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

என் ரூமில் வைத்து, அடித்ததை முழுக்கப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். "தோள்ல மட்டுமில்லீங்கக்கா." சேர்த்தேன். பிறகு பிடிஎஃப். எந்த மெஷினில் திறந்தாலும் எழுத்து கட்டமாகாது. முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும், மடச்சி நான். பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கையெழுத்து. வக்கீலம்மா, மற்ற உறுப்பினர்கள், மேனேஜர், எல்லாருக்கும் ஒரே மெயில்.

மேனேஜர் மூச்சு வாங்க வந்தார். "பிடிஎஃப் எதுக்குங்க? அதுல ஒண்ணும் திருத்த முடியாதே?"

"அதுக்குத்தானுங்க சார்."

வெள்ளி

வெயில். கூட்டம் நடந்தது.

வக்கீலம்மா ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது தொறக்கலீன்னு என்கிட்டச் சொன்னது யாருங்க?" என்றார். மேனேஜர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார்.

சூப்பர்வைசர் முதலில் 'அபாண்டம்'. அப்புறம் 'தெரியாமப் பட்டிருக்கும்'. ரேவதி தலை நிமிர்ந்து, "தெனமுமா தெரியாமப் படும்?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

விசாரணை முடியும்வரை அவன் கம்பெனிக்குள் கால் வைக்கக் கூடாது. முதலாளியே கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் என்னோடு பேசுவதில்லை. வேண்டாம். எனக்கும் கோபம் தீரவில்லை. அந்த இரண்டு வரி நினைவுக்கு வந்தால் பல்லைக் கடிக்கிறேன்.

சனி

கரண்ட் இரண்டு தடவை போனது. சம்பள நாள், ரூமில் ஒரே கூட்டம்.

எல்லாரும் போன பிறகு தையல் லைனில் இருந்து ஓர் அக்கா. பெயர் தெரியாது. வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க, சொன்னதச் சொன்னாப்புலயே அடிப்பீங்களாமா?"

"அடிப்பேனுங்க."

உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.