பல்லக்கில் திரும்பும் சீர்ப்பெட்டி

வானம் வழங்குக, வழி தழைக்க. வெண்மணல் நாட்டின் செங்கோலும் முத்தலைத்துறையின் கலங்கரை விளக்கும் உடைய அரசி பூதநங்கை, கருங்குன்ற நாட்டு வேந்தரும் நம் மருமகள் இளவெயினியின் தந்தையாருமாகிய ஏறுமாறனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் நிறைக. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. இங்கு யாவரும் நலம் என்ற வரியை ஓலை எழுதுபவர் வழக்கப்படி எழுதிவிட்டார். அதனை அடிக்கச் சொன்னோம்.

மகளை அழைத்துவரத் தாங்கள் அனுப்பிய பல்லக்கு வந்து சேர்ந்தது. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவளை, அவள் கொண்டுவந்த சீராலேயே கேடு வந்ததென்று ஊர் பேசும் இடத்தில் விட்டுவைக்க மனமில்லை எனத் தூதர் வழி உரைத்தீர்கள். தந்தை சொல்லத்தக்க சொல்லே அது. ஆயினும் மறுமொழிக்கு முன் நடந்ததைத் தாங்கள் எம்மிடமிருந்து அறிய வேண்டும்.

எம் துறைமுக வணிகரின் தரவு மாளிகை முன்பு மூன்று கட்டடங்களாக இருந்தது. கணக்கிடும் பொறிகள் ஒன்றிலும், சேமிக்கும் பொறிகள் ஒன்றிலும், செய்தி கொண்டுசெல்லும் வலை ஒன்றிலுமாக, மூன்று அதிகாரிகள் ஆண்டனர். ஏதேனும் பழுதானால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவர். பழுது அப்படியே கிடக்கும். ஆகவே மூன்று வேலையையும் தன்னகத்தே கொண்ட ஒரேவகைப் பெட்டிகள் மூன்றை வாங்கி ஓர் அறையில் நிறுத்தினோம். ஒவ்வொன்றும் மற்றவற்றின் படியைத் தன்னுள் வைத்திருக்கும். ஒன்று வாய் மூடினால் மற்ற இரண்டும் தம்முள் ஒப்பி அதன் சுமையை ஏற்கும். செய்தவர் அம்மூன்றையும் சேர்த்தே சோதித்து, சேர்த்தே முத்திரையிட்டுத் தந்தனர். சோதிக்காத எதனையும் இவ்வரிசையில் நிறுத்தலாகாது என்பது அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. சரக்குக் கணக்கும், புயல் கணித்துக் கலங்களைத் திரும்ப அழைக்கும் ஆணையும் அவற்றின் வழியே சென்றன.

பின்னர் திருமணம் வந்தது. தங்கள் சீர்வரிசையில் அத்தகைய பெட்டி ஒன்றும் வந்தது, பொற்பூண் கட்டி, சந்தனம் இட்டு. பெண் வீட்டுச் சீரை ஓரத்தில் வைப்பது பெண்ணையே ஓரத்தில் வைப்பதாகும் என்பது எம் நாட்டு மரபு. எனவே நடுவிலிருந்த பெட்டியைக் கிடங்குக்கு அனுப்பி, அவ்விடத்தில் தங்கள் பெட்டியை நிறுத்தி விளக்கேற்ற வேண்டுமென்று மரபுக்காவலர் விழுப்பரையர் கூறினார். சபை ஆமென்றது. நாமும் தலையசைத்தோம்.

மறுத்தவள் ஒருத்தியே. தந்தை கொடுத்த பெட்டியில் குறையில்லை என்றும், ஆனால் இவ்விரண்டோடு சேர்த்து எவரும் அதனைச் சோதிக்கவில்லை என்றும், ஆகையால் தன் அறையில் தனியே வைத்துத் தன் வேலைக்கு விடுமாறும் இளவெயினி கேட்டுக்கொண்டாள். தங்கள் நாட்டுப் பொறிக்கூடத்தில் அவள் கற்றவள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், புதுப்பெண் கூச்சப்படுகிறாள் என்று சபையோர் சிரித்தனர்; சிலர் அவள் அடக்கத்தைப் புகழவும் செய்தனர்.

அமைதியான நாட்களில் அப்பெட்டி குறையின்றி உழைத்தது. வடகடலில் புயல் எழுந்த நண்பகலில் முதற்பெட்டி வெந்து அடங்கியது. மற்ற இரண்டும் அதன் சுமையை ஏற்றிருக்க வேண்டும். தங்கள் பெட்டி தன் நாட்டுப் பேச்சு வழக்கில் விடை சொன்னது. எஞ்சிய எங்கள் பெட்டிக்கு அது விளங்கவில்லை. துணையின் ஒப்புதலின்றி ஆணையிடுவது பிழையென்று எங்கள் பெட்டியும் நின்றுவிட்டது. அவ்வாறு நிற்பதற்கே அது செய்யப்பட்டது. திரும்புக என்னும் ஆணை எந்தக் கலத்துக்கும் போகவில்லை. மீன்பிடி எல்லையைப் பார்வையிடச் சென்ற என் மகன் திரையன் முன்கலத்தில் இருந்தான்.

பெட்டிகள் நின்ற செய்தி கேட்டதும் இளவெயினி கிடங்குக்கு ஓடினாள். அங்கு அனுப்பிய எங்கள் நடுப்பெட்டியை ஆட்களோடு தானும் தூக்கிவந்து அதன் இடத்தில் நிறுத்தினாள். மாலைக்குள் ஆணைகள் மீண்டும் சென்றன. பின்னே வந்த கலங்கள் யாவும் கரை சேர்ந்தன. முன்கலம் சேரவில்லை. கரை சேர்ந்தவர்களின் வீட்டாரும் இன்று அவளைத்தான் பழிக்கின்றனர். இதனை எழுதச் சொல்லும்போது கோபம் வர வேண்டும், வரவில்லை. அழுகையும் இன்னும் வரவில்லை. உணவு கொண்டுவருகிறார்கள், உண்கிறோம்.

இனி எம் ஆணை. முத்தலைத்துறையின் தரவு மாளிகை இன்றுமுதல் இளவெயினியின் பொறுப்பு. சேர்த்துச் சோதித்து முத்திரையிடாத எப்பெட்டியும், வேந்தர் தந்ததாயினும் யாமே தந்ததாயினும், அவள் கைச்சாத்தின்றி அவ்வறை வாயிலைத் தாண்டலாகாது. அவளைப் பழித்துப் பேசுவோர் சபையில் எம் முன் வந்து பேசுக. அவள் அன்று சொன்னதை யாமே அவர்களுக்குச் சொல்வோம்.

இவ்வாணைக்கு முன் அவளை அழைத்துக் கேட்டோம். போவதாயின் நாட்டு எல்லை வரை நாமே உடன்வந்து வழியனுப்புவோம் என்றோம். அவள் சொன்ன விடையை யாம் எடுத்துரைப்பது முறையன்று. தங்கள் மகள் தானே தங்களுக்குச் சொல்லட்டும்.

சீரைத் திருப்புவது எம் மரபில் இல்லை. ஆயினும் அப்பெட்டியைத் திருப்புகிறோம். அது நல்ல பெட்டி. தன் இனத்தோடு நின்றால் நெடுநாள் உழைக்கும். பல்லக்கு வெறுமையாய்ப் போவது ஆகாது என்று விழுப்பரையர் இப்போதும் கூறுகிறார். ஆகவே பல்லக்கில் அதனை ஏற்றினோம்.

குன்றும் கடலும் உள்ளளவும் நம் உறவு நிற்க. எம் நாட்டு ஓலைக்கு இரு முத்திரை வேண்டும்: அரசிக்கு ஒன்று, இளவரசனுக்கு ஒன்று. இடப்புறம் இருப்பது எம்முடையது. வலப்புறம் திரையனின் இடத்தில் இருக்கும் முத்திரையைத் தாங்கள் பார்த்தவுடன் அறிவீர்கள். இளவெயினி பிறந்தபோது தாங்களே வெட்டுவித்தது.