இறங்காத படுதா

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 8, 1993

அன்புள்ள ஹாய்ட்,

இங்கே எல்லோரும் சுகம். மகள் ரொண்டா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். மாப்பிள்ளை தங்கமானவன், ஆனால் சோளரொட்டியில் சர்க்கரை கொட்டித் தின்கிறான்; பார்க்கச் சகிக்கவில்லை.

மூச்சு பரவாயில்லை. படி ஏறினால் மட்டும் இரைக்கிறது. டாக்டர் மறுபடியும் அதையேதான் சொன்னார்: "கோழி ஷெட் பக்கமே போகாதீங்கம்மா. அந்தத் தூசி இன்னொரு வருஷம் உள்ள போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பக்கம் போகாதே என்றால் எப்படி? நம் அடுக்களைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் துணி காயப்போடும் கொடி ஒன்றுதானே இருக்கிறது?

பிப்ரவரியில் இறங்கும் கோழிப் பேட்ச்தான் கடைசி என்று கிறிஸ்துமஸ் அன்று நீதான் சொன்னாய். ஏப்ரலில் கம்பெனி லாரி கோழிகளை ஏற்றிக்கொண்டு போனதும் பூட்டிவிட்டு வா. வருவாயா மாட்டாயா என்று ஒரு வரி எழுது. தொலைபேசியில் கேட்டால் மழை, வெயில் என்று பேச்சை மாற்றுகிறாய்.

உன்
எர்லீன்


மில்லர்ஸ் கேப், அலபாமா
மார்ச் 16

என் எர்லீனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மத்தியானம் வியர்க்க வியர்க்க வேலி அடைத்துக்கொண்டிருந்தேன். பீச் மரம்கூடப் பூத்துவிட்டது. சனிக்கிழமை எழுந்து பார்த்தால் முழங்கால் வரை பனி. பைன் மரங்கள் முறிந்து கம்பிகள்மேல் விழுந்து கரண்டு போயிற்று, தொலைபேசியும் போயிற்று. இன்னும் வரவில்லை. மெழுகுவத்தி வைத்து எழுதுகிறேன்.

குஞ்சுகளுக்கு மூன்று வாரம்தான். கரண்டு போனால் ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாக்கள் தானாகக் கீழே இறங்கிப் பக்கமெல்லாம் திறந்துவிடும், உனக்குத் தெரியும். மின்விசிறி நின்றாலும் மூச்சு முட்டாமலிருக்க. அதெல்லாம் ஆகஸ்ட் வெயிலுக்குச் செய்த ஏற்பாடு. பனிக்காற்று நேரே உள்ளே அடித்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்தன. ஜெனரேட்டரில் டீசல் கெட்டிப்பட்டுக் கிளம்ப மறுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படுதாவை மேலே ஏற்றி இடுக்கில்லாமல் மூடிக் கம்பி போட்டுக் கட்டினேன். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் கேஸ் புரூடர்கள் எரிந்துகொண்டிருந்ததால் உள்ளே கதகதப்பாயிற்று. குஞ்சுகள் பரவிப் படுத்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து விறகடுப்புப் பக்கத்தில் பூட்ஸோடு தூங்கிப்போனேன்.

காலையில் கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை. இருபதாயிரம் குஞ்சும் போய்விட்டன, எர்லீன். இருந்த காற்றையும் புரூடர்கள் தின்றுவிட்டன. பக்கத்துப் பண்ணை டுவைட் பனியில் நடந்தே வந்தான். அவன் படுதாவைத் தொடவில்லை. அவனுடையதில் பாதி பிழைத்திருக்கின்றன.

"கம்பி போட்டா கட்டினே? அட, நேத்துப் பண்ணை வச்சவன் பண்ற வேலையாடா இது? முப்பது வருஷமா கோழி வளக்கறவன்!"

"குளிருச்சேடா அதுங்களுக்கு," என்றேன். குழந்தை மாதிரி அழுதேன். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

நிலம் இறுகிக் கிடக்கிறது, புதைக்கவும் முடியவில்லை. அவரையை டப்பாவோடு சுடவைத்துத் தின்கிறேன். இனி நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது. நீ கேட்டதற்குப் பதில் எழுத மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கை வரவில்லை.

உன்
ஹாய்ட்


டேட்டன்
மார்ச் 22

என் ஹாய்ட்டுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். குளிரில் நடுங்குவதைப் பார்த்தால் போர்த்தத்தான் கை போகும். டுவைட்டின் வாய் அப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இதை இப்போது சொல்வது தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. ஷெட் காலியாகிவிட்டது. ஏப்ரல் வரை எதற்கு? பூட்டிவிட்டு வந்துவிடு. ரொண்டா பின்னறையை ஒழித்துவிட்டாள். உன் காலுக்குக் கட்டில் எட்டாது என்று மாப்பிள்ளை பலகை அடித்து நீட்டியிருக்கிறான்.

தனியாக இருக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது. துப்பாக்கியை டுவைட் வீட்டில் கொடுத்து வை. இந்த ஒரு தரம் என் பேச்சைக் கேள்.

எர்லீன்


மில்லர்ஸ் கேப்
மார்ச் 27

எர்லீன்,

செவ்வாய்க்கிழமை கரண்டு வந்தது. துப்பாக்கி டுவைட்டிடம் இருக்கிறது, கவலைப்படாதே. குஞ்சுகளைப் புதைத்தாயிற்று.

நேற்று கம்பெனி ஆள் வந்தார். "இங்க பாதிப் பேருக்கு இதே கதிதான், ஹாய்ட். வியாழக்கிழமை புதுக் குஞ்சு எறக்கட்டுமா? வேணாம்னா இப்பவே சொல்லிடு" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எறக்குங்க" என்று வந்துவிட்டது.

இப்போது பூட்டினால் என் வாழ்நாளில் நான் கடைசியாக வளர்த்தது அந்தப் பேட்ச் ஆகிவிடும். உன் பக்கத்தில் படுத்திருந்தாலும் அந்தக் கதவைத்தான் திறந்துகொண்டிருப்பேன். ஒரே ஒரு பேட்ச்சை உயிரோடு லாரி ஏற்றிவிட வேண்டும். அது நன்றாகப் போனால் இன்னொன்று என்பாய் என்று நீ சொல்வாய். சரியாகத்தான் சொல்வாய். அதனால் காத்திரு என்று கேட்க எனக்கு வாயில்லை. உன் மூச்சுக்கு இந்த இடம் ஆகாது. நீ வராதே.

ஹாய்ட்


டேட்டன்
மார்ச் 31

ஹாய்ட்,

படித்தேன். ரொண்டாவிடம் காட்டவில்லை. அப்பாவுக்கு வேலை முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

காற்றில்லாமல் செத்த குஞ்சுகளுக்காக அழுததாக எழுதியிருந்தாய். நானும் இங்கே உட்கார்ந்து அழுதேன். போன நவம்பரில் அதே ஷெட்டில் மூச்சுக்குத் தவித்து நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "கொஞ்சம் வெளிய போய் நில்லு, தீனி போட்டுட்டு வந்துடறேன்" என்றாய். போட்டு முடித்துவிட்டுத்தான் வந்தாய். அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதுகளுக்குப் பசிக்குமே என்றுதான் நானும் நினைத்தேன். முப்பத்தொரு வருஷமாக அப்படியே நினைத்துப் பழகிவிட்டேன்.

பின்னறையில் பழையபடி சாமான்களைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நாளை இறங்கும் குஞ்சுகள் பிழைக்கட்டும், மனசாரச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் படித்துவிடுவேன்.

எர்லீன்