ஊசி எடுக்காமல் செய்த பை

12.2.2024, திங்கள்

இன்று ரெண்டு பை முடிந்தது. நிலக்கரி மைன்ஸில் பத்தொன்பது வருஷம் கன்வேயர் பெல்ட் ஒட்டின கை இது. அறுந்த ரெண்டு முனையையும் படிப்படியாகச் சீவி, சொல்யூஷன் தடவி, சூட்டில் அழுத்தி ஒன்றாக்குவோம். தோள்பட்டை போனதும் அந்த வேலையும் போச்சு. சென்னையில் மூணு மாசம் தோல் வேலை கற்றுக்கொண்டு வந்து, மந்தாரக்குப்பத்தில் வீட்டு முன் ரூமையே கடையாக்கிவிட்டேன்.

என் பையில் ஒரு தையல் கிடையாது. எல்லாம் ஒட்டு. மிஷினில் செய்ததா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லாத்தான் இருக்கு.

15.2.2024

செல்லக்கிளி கேட்டாள்: “ரெண்டு ஊசி வெச்சுத் தைக்கக் கத்துக்கினு வந்தீங்களே, அது எங்க?”

பொண்டாட்டிக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா என்ன? ஊசிப் பெட்டி பரண்மேல் கிடக்கிறது.

27.2.2024

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து திலகவதி டீச்சர் வந்து தோள் பை வாங்கிப் போனார். “எவ்வளவு நீட்டா இருக்கு! ஊசி ஓட்டையே தெரியலையே” என்றார். ஓட்டை இருந்தால்தானே தெரியும்.

10.3.2024, ஞாயிறு

மகள் நிலா கடலூரிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி வேலையில் ஒரு நாள்தான் லீவு. விருத்தாசலத்து வரன் கூடி வரும் போலிருக்கிறது. அடுத்த மாசம் பெண் பார்க்க வருகிறார்கள்.

“அப்பா என்ன பண்றாருன்னு கேட்டாங்க. மைன்ஸ்ல பெல்ட் வேலைன்னு சொல்லிட்டேன்ப்பா” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லது என்றேன். சுருக்கென்றுதான் இருந்தது.

அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? எங்கப்பா, செத்த மாட்டை இழுக்கக் கூப்பிட்டா போவணும். தோலை உரிச்சுக் குடுக்கணும். போவலன்னா அடி. அதுல இருந்து தப்பிச்சுத்தான் நான் மைன்ஸுக்கு ஓடியாந்தேன். இன்னைக்கு நானே தேடிப் போய்த் தோல் வாங்கியாறேன். ஆனா ஊசியும் நூலுமா உக்காந்தா தெருவுல போறவன் என்ன பேரு வெப்பான்னு தெரியும். ஒட்டுறது மைன்ஸ் வேலை, தைக்கிறதுதான் அந்த வேலைன்னு சொல்லி என்னையே ஏமாத்திக்கினு இருக்கேனா?

3.4.2024, புதன்

டீச்சர் வந்தார். வடலூர் பஸ் ஸ்டாண்டில் பை வார் பிடுங்கிக்கொண்டதாம். உள்ளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர். ரோடெல்லாம் பறந்து, நாலைந்து பஸ் சக்கரத்தில் போய்விட்டன. “அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?” என்று கேட்டவர் அழுதுவிட்டார். பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெல்ட் ஒட்டு கரி மலையையே இழுக்கும். அது சூட்டில் வெந்த ஒட்டு. தோலை அப்படி வேகவைத்தால் சுருங்கிப் போகும். வெறும் சொல்யூஷன் வெயில் பட்டால் இளகும். பாரம் தாங்குற இடத்தில் தையல் போட்டே ஆகணும் என்று சென்னையில் படித்துப் படித்துச் சொன்னார்கள். எல்லாம் தெரியும் எனக்கு. தெரிஞ்சுக்கினேதான் செஞ்சேன். சீ.

4.4.2024

ஊசிப் பெட்டியை இறக்கினேன். ஒரே துரு.

9.4.2024, செவ்வாய்

விற்ற மற்றப் பதினோரு பையையும் குவார்ட்டர்ஸில் பிளாக் பிளாக்காகப் போய்த் திரும்ப வாங்கி வந்தேன். “நல்லாத்தானேங்க இருக்கு?” என்கிறார்கள். “இல்லைங்க, தப்பா செஞ்சுட்டேன்” என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியிருந்தது.

முன் ரூமில் வெளிச்சம் பத்தவில்லை. குத்தூசி ஓட்டை கண்ணுக்குத் தெரிய வெளியே வந்துதான் ஆகணும். வாசலில் உட்கார்ந்தேன். அரை மணி ஆகவில்லை, பைக்கில் வந்தவன் ஒருத்தன் செருப்பைக் கழற்றி முன்னால் போட்டான். “வார் அறுந்துபோச்சு, தைச்சுக் குடு.”

“இங்க பை மட்டும்தாங்க.”

போய்விட்டான். ரெண்டு தையல் கோணலாகிவிட்டது. பிரித்துத் திரும்பப் போட்டேன்.

20.4.2024, சனி

நாளைக்கு வருகிறார்கள். “ஒரே ஒரு நாளு. எல்லாத்தையும் உள்ள வெச்சிடுங்க” என்றாள் செல்லக்கிளி. நியாயம்தான். தோலையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிப் பழைய புடவையால் மூடினேன்.

21.4.2024, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில் கேட்டார்: “இப்ப உங்களுக்கு எந்த ஷிப்டுங்க?”

வாயைத் திறந்தேன். கண் கட்டிலுக்கடிக்குப் போனது. காபி கொடுத்துக்கொண்டிருந்த நிலா தட்டைக் கீழே வைத்தாள். “அப்பா மைன்ஸ விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதுங்க. தோல் பை தைக்கிறாரு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

காபி குடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது. பெத்தவன் வாயடைச்சு நின்னா, பொண்ணு பேச வேண்டியதாப் போச்சே.

5.5.2024, ஞாயிறு

விருத்தாசலத்திலிருந்து போன். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். கடையை மட்டும் எடுத்துவிட்டால் நல்லதாம். அவங்களும் நம்ம ஜனம்தான், அவங்க அப்பனும் அதே மாட்டைத்தான் இழுத்தான். அதனாலதான் இந்தப் பயம். எனக்குக் கோபம் வரவில்லை. எடுத்துடறேங்க என்று சொல்லிவிட்டேன்.

நிலாவுக்குச் சொன்னேன். “அவங்க வூட்டுக்கு நான்தானே போறேன், கடையா போவுது?” என்று போனிலேயே கத்தினாள். நானும் கத்தினேன். உன் வாழ்க்கைடி, விளையாடாதே என்றேன். வைத்துவிட்டாள்.

6.5.2024

அவளே அவர்களைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். செல்லக்கிளி இன்று அடுப்பு மூட்டவில்லை.

2.6.2024, ஞாயிறு

நிலா வந்திருக்கிறாள். காலையில் வாசலில் பாயை விரித்து வேலையை ஆரம்பித்தேன். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தாள். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர் நின்று பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்: “தைக்கிறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்களாம்மா?”

“எங்கப்பாங்க” என்றாள்.

நான் நிமிரவில்லை. தையல் பாதியில் இருந்தது.