ஓடமாட்டோம் என்றவர்களுக்கு அனுப்பிய ஓலை

நலம் வளர்க, நாடு தழைக்க, நீரும் நெருப்பும் தத்தம் அளவில் நிற்க.

முகிலாறு ஏழு கிளையாய்ப் பிரிந்து ஊட்டும் நாட்டை உடையவரும், உப்பளத்துக் கரை தொடங்கிக் கரடிக் கணவாய் முடிய ஒரே குடையின்கீழ்க் காப்பவரும், நெடுமதிற்பட்டணத்து அரியணையில் வீற்றிருந்தருள்பவருமான திருமாமணி நங்கை மாதேவியார் திருமுன்பு, அமைச்சர் விடங்க மாராயர் கணவாய்ச் சாவடியிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை. உடன்வந்த ஓலையெழுதுவான் அம்பலவன் எழுதியது. தம் பிழையைத் தாமே சொன்னால் நாக்கு தானாகவே அதைச் சிறிதாக்கிவிடும் என்று அஞ்சி, தம்மையும் மூன்றாம் மனிதராக வைத்து நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லிவிட்டு மாராயர் எதிரே அமர்ந்திருக்கிறார். ஆகையால் இதில் அவரைப் பற்றிக் காரமாக ஏதேனும் இருந்தால் அது அவர் கட்டளை, எழுத்தாணியின் குற்றமன்று.

அவசரமானதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாளை விடியலில் கணவாய் நோக்கிப் புறப்பட இருக்கும் இருநூறு வீரரையும் தேவியார் நிறுத்தியருள வேண்டும். காரணம் இனி வருகிறது.

அரச ஓலைகளைச் சாவடிக்குச் சாவடி ஓடிச் சேர்ப்பிக்கும் ஓலைக்காரர் தொண்ணூற்றிருவரும் ஓடும்போது ஒலிக்கும் தங்கள் மணிக்கோலைக் கீழே வைத்து இன்றோடு இருபத்தோராம் நாள். தித்தன் என்ற ஓலைக்காரன் வெள்ளத்தால் தாமதித்து வந்ததற்காகப் பன்னிரண்டு அடி வாங்கி, மறுமுறை அடிக்கு அஞ்சி நிறைவெள்ளத்தில் இறங்கி மாண்டான். அவன் உடல் கிடைத்த அன்றே வேலை நின்றது. அவர்கள் கேட்டவை மூன்று. கரடிக் கணவாயில் இருவர் சேர்ந்தே ஓட வேண்டும். வெள்ளத்தால் வந்த தாமதத்துக்கு அடி கூடாது. வழியில் இறந்தவன் குடும்பத்தைச் சாவடி வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது.

ஐந்தாம் நாளே தேவியார் மனமிரங்கி முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டு, மூன்றாவதைப் பேசித் தீர்க்கலாம் என்று ஓலை அருளினீர்கள். அதை அனுப்பிவைக்கும் பொறுப்பு மாராயருடையது. பத்து நாள் காத்தும் மறுமொழி வரவில்லை. பேரவையில் மாராயர் எழுந்து, தேவியாரின் கருணையை அவர்கள் காலால் எற்றிவிட்டார்கள் என்று முழங்கினார். அந்தச் சொல்லை நம்பியே படையெழுச்சிக்கும், சாவடி வீடுகளைக் காலி செய்வதற்கும், அவர்கள் தலைவன் மயிலனைக் கண்ட இடத்தில் பிடித்துக் கழுவேற்றுவதற்கும் தேவியார் முத்திரையிட்டீர்கள். கடைசியாக ஒருமுறை பேசிப்பார்க்கிறேன் என்று ஐந்து நாள் தவணை வாங்கிக்கொண்டு, செய்தி திரும்பிவர ஆகும் நாளை எண்ணாமலே, மாராயர் மலையைச் சுற்றும் வண்டிப்பாதையில் மூன்று நாள் பயணித்து நேற்றுக் காலை இங்கு வந்தார்.

வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூடியிருந்தவர்களை நன்றி கெட்டவர்கள் என்றார். அரசியின் திருவோலையைக் குப்பையாக எண்ணினீர்களோ என்றார். இன்னும் பலவும் சொன்னார். அவற்றை எழுத வேண்டாம் என்று இப்போது கையமர்த்துகிறார். மயிலன் நாற்பது வயதுக்காரன், கால்கள் மட்டும் இருபது வயதுக்குரியவை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டது இவ்வளவே: “எந்த ஓலைங்க சாமி?”

மாதேவியார் அருளிய ஓலை என்றார் மாராயர். எப்படி அனுப்பினீர்கள் என்று அவன் கேட்டான். வழக்கம்போல வடவாயிற் சாவடியில் தொங்கும் ஓலைப்பையில் தம் கையாலேயே போட்டதாக மாராயர் சொன்னார். முப்பது ஆண்டாக அப்படித்தான் போடுகிறார். பையில் போட்டால் ஓலை போய்ச் சேரும். அது எப்படிப் போகிறது என்று அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

“பையை எடுக்கிறவன் நானு. நான் இங்கதான உக்காந்திருக்கேன்? அப்புறம் யாருங்க கொண்டாருவாங்க?” என்றான் மயிலன்.

பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது முன்வரிசைக்குப் பரவி, அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எழுதுவானுக்கும் சிரிப்பு வந்தது. மாராயர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஐயோ, அந்த முகம்! தம் வாய்ச்சொல்லை நம்பி ஒரு மனிதனின் கழுமரத்துக்கு முத்திரை விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அரசி வாய்திறவாமல் அவமதித்தார் என்று அவர்கள் பத்து நாள் புழுங்கியிருக்கிறார்கள். அவர்கள் மறுமொழி தராமல் அவமதித்தார்கள் என்று அரண்மனை பத்து நாள் கொதித்திருக்கிறது. அத்தனை நாளும் அந்த ஓலை பைக்குள் சும்மா கிடந்திருக்கிறது.

மாராயர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிழை தம்முடையது என்றார். பிறகு உட்கார்ந்து பேசலாயினர்.

பேச்சு எளிதாக முடியவில்லை. முதல் இரண்டும் தேவியார் முன்பே ஈந்தவை. மூன்றாவதில் மாராயர் பிடிகொடுக்கவில்லை. வீடு வேலைக்குரியது, வேலை போனால் வீடும் போகும் என்பதே சட்டம் என்றார். அப்போது தித்தன் மனைவி நாச்சி கைக்குழந்தையோடு முன்னே வந்தாள். “அவரு காரியம் முடிஞ்ச மறுநாளே ஆளு வந்து நிக்கிறான், வீட்ட ஒழிச்சுக் குடுன்னு. ஈரத்துணி காயல சாமி. நான் எங்க போவேன்?” என்றாள். அழவில்லை, உண்மையிலேயே எங்கே போவது என்று அமைச்சரிடம் வழி கேட்பதுபோல் நின்றாள். மாராயர் எழுந்து கிணற்றடி வரை போய்விட்டுத் திரும்பினார். கோபமோ துக்கமோ வந்தால் அவருக்குப் பசிக்கும் என்பதை அரண்மனைச் சமையற்கட்டு அறியும். நேற்று இருமுறை கூழ் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாலையில் முடிந்த முடிவு இது. ஓடும்போது இறந்தவன் வீட்டில் அவன் மனைவியே தங்கி, சாவடிப் பந்தங்களையும் மணிக்கோல்களையும் பேணும் பணியை ஏற்பாள். ஆகவே வீடும் வேலையும் பிரியாமல் சட்டமும் நிற்கும். தித்தனை அடிப்பித்த சாவடித் தலைவனை நீக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். விசாரியாமல் நீக்க மாராயர் உடன்படவில்லை. விசாரணை முடியும்வரை அவன் வேறு சாவடியில் இருப்பான் என்பதில் இரு தரப்பாரும் அரைமனதாக நின்றார்கள். நாடெங்கும் தேங்கிக் கிடக்கும் ஓலைகளை மூன்று நாளில் ஓய்வு கேளாமல் கொண்டுசேர்ப்பதாக அவர்கள் வாக்களித்தார்கள். தேவியார் இதை உறுதிசெய்து மறுமொழி தரும்வரை மணிக்கோலைத் தொடுவதில்லை என்பதிலும் உறுதியாக இருக்கிறார்கள். ஒருமுறை மறுமொழி வராமல் பட்டவர்கள். அதைக் குறைசொல்ல மாராயருக்கு வாய் வரவில்லை.

இனி ஒரு சிக்கல். வண்டிப்பாதையில் இந்த ஓலை வர மூன்று நாளாகும். படையோ நாளையே புறப்படும். ஓலைக்காரர் குறுக்குப்பாதையில் காலையில் கிளம்பினால் பொழுது சாயுமுன் பட்டணம் சேரலாம். ஆனால் கிளம்புபவன் தன் கூட்டத்தாருக்குக் கொடுத்த வாக்கை மீறியவனாவான். இளையவர் பலர் முன்வந்தனர். நிறுத்தச் சொன்னவன் நான், மீறுகிற பழியும் எனக்கே என்று மயிலன் எல்லாரையும் அமர்த்திவிட்டான். உன்னைக் கண்ட இடத்தில் பிடிக்க ஆணையிருக்கிறதே என்று மாராயர் பதறினார். “பிடிக்கட்டுங்க. ஓலையப் படிச்சிட்டுப் பிடிக்கச் சொல்லுங்க” என்றான்.

ஆகவே கட்டளை இரண்டு. கோட்டை வாயில் காவலர் அறிக: இவ்வோலை கொண்டுவருபவன்மீது கைவைக்காமல், ஆயுதம் காட்டாமல், நேரே தேவியார் திருமுன்பு விடுக, இது அமைச்சர் ஆணை, ஓலைக்கட்டின் வெளிப்புறத்திலும் எழுதப்பட்டுள்ளது. பேரவை எழுத்தர் அறிக: வடவாயிற் பையை அவையோர் முன்னிலையில் அவிழ்த்து, முத்திரை உடையாத அந்த ஓலையைத் தேவியாருக்குக் காட்டுக. அதன்பின் தண்டனை எதுவாயினும் அது மாராயருக்கு உரியது. மறுமொழி வரும்வரை அவர் நாச்சியின் வீட்டு வாசலிலேயே அமர்ந்திருப்பார். படை வருமானால் அவரைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

இன்னும் ஒன்று மட்டும். மயிலனுக்கு எழுத்து தெரியாது. முத்திரை வைக்குமுன் இதைப் படித்துக்காட்ட எழுதுவான் அழைத்தபோது, கொண்டுபோகிறவன் கேட்பது முறையில்லை என்று மறுத்து, நேற்றுத் தன்னை நன்றி கெட்டவன் என்று ஏசியவர் சொல்லி எழுதியதை அப்படியே கட்டித் தரச் சொன்னான். தன் உயிரைக் கேட்கும் ஓலையோ, காக்கும் ஓலையோ அறியாமல் மலை தாண்டி வந்து இப்போது தேவியார் எதிரில் நிற்கிறான். இதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தேவியாரே திருவாய் மலர்ந்து அவனுக்குச் சொல்லியருள வேண்டும்.

விடங்க மாராயர் முத்திரை. அம்பலவன் எழுத்து. கணவாய்ச் சாவடி, நிறைமதிக்கு முந்திய நாள், காலை.