பத்தாத சிலிக்கன்

வியாழன், கிள்ளான்

போன வாரம் நாங்கள் பழுதுபார்த்து அனுப்பிய டிராக்டர் இன்று லோரியில் திரும்பி வந்தது. கியர்பாக்ஸைத் திறந்தேன். எண்ணெய் வடிகட்டி நிறைய, மூடி கசியாமலிருக்கப் பூசும் சிவப்பு சிலிக்கன் பசையின் துண்டுகள். நூல்போல மெல்லிசாகப் பூசி ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டுமென்று பட்டறை முதலாளியிடம் சொல்லியிருந்தேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி, ரொட்டிக்கு ஜாம் அப்புவதுபோல் அப்பி, உடனே எண்ணெயும் ஊற்றி அனுப்பிவிட்டார். பிதுங்கியது உள்ளே உதிர்ந்து அடைத்து, எண்ணெய் ஏறாமல் பம்பு போய்விட்டது.

டிராக்டர் ஓட்டுநர் மணியம் அண்ணன் என்னைத்தான் பார்த்தார். "டிப்ளோமா படிச்ச கையா தம்பி இது? வண்டி ஓடலன்னா எனக்கு வேலை இல்லலா."

முதலாளி வெளியே கசிந்திருந்த எண்ணெயை மட்டும் விரலால் தொட்டார். "பாத்தியா, பத்தல. இந்தத் தடவ தாராளமா பூசு."

எத்தனை தடவை சொல்வது. நாளைக்கு நானே தாராளமாகப் பூசிவிடுவேன் போலிருக்கிறது.