கண்ணாடி முழுசாத்தான் இருக்கு

இன்று இரண்டாம் பாடவேளையில், நிலத்துக்குள் தூண் அடித்து இறக்கும் பைலிங் மெஷின் மறுபடி தொடங்கியது. ஸ்டாஃப் ரூம் மேசையில் இருந்த என் பிளேன்டீ ஒவ்வொரு அடிக்கும் வளையம் வளையமாக நடுங்கியது. பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு தொடர்மாடி வரப்போகிறதாம். மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொப்பி திருத்தப் போய்விட்டார்கள். நான் எழுந்துபோய்க் கதவுக்கு மேலே சுவரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்தப் பழக்கம் உம்மால் வந்தது.

அப்போதும் வெள்ளவத்தை முழுக்க இதே சத்தம்தான். தரம் எட்டுக்கு நான் தமிழ், நீர் விஞ்ஞானம். நான் மெஷினோடு போட்டி போட்டுக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது, நீர் ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டீர். "இண்டைக்கு இந்தச் சத்தம்தான் பாடம்" என்று சொல்லி, சாப்பாட்டுப் பெட்டி மூடிகளில் தண்ணீர் ஊற்றி, எந்த வகுப்பில் அதிகம் நடுங்குகிறது என்று பார்க்கப் பிள்ளைகளைக் கட்டடம் முழுக்க அனுப்பினீர். அதிபர் படியேறி வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு வாசலில் நாலு பேர் குப்புறப் படுத்திருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது கண்ணாடி. நுணுக்குக்காட்டிக்கு வைக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டுகள் ஆய்வுகூடத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. வெடித்த சுவரில் வெடிப்புக்குக் குறுக்கே ஒன்றை வைத்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டர் குழைத்து ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி இழுபடாது, உடையும். பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டி முடித்ததும் பிள்ளைகள் தங்கள் வீடுகளுக்கும் கேட்டார்கள். நீர் ஆளுக்கு இரண்டு கொடுத்தீர், ஒட்டும்போது ஒன்று உடைந்தால் மற்றதை வைக்க. "விஞ்ஞானம் எண்டு சொல்லி மேசன் வேலை பழக்கிறீர்" என்று நான் பகிடி பண்ணினேன். ஒருத்தி, தங்கள் புது அபார்ட்மென்டில் ஒரு வெடிப்பும் இல்லையென்று அழுதாள்.

திங்கட்கிழமைகளில் நீர் பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து "முழுசு டீச்சர்" என்பார்கள். இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் கண்ணே மாறிவிட்டது. எந்த ஒழுங்கையில் எந்த மதில் சாய்ந்திருக்கிறது, எந்த வீட்டுக் கதவு திடீரென்று இறுகிப்போனது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதிபருக்கும் பிடித்துப்போயிற்று. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், கண்காட்சியாக வையுங்கள் என்றார். அதற்கு முன் எல்லா வீட்டையும் நேரில் பார்த்துவிட வேண்டுமென்று நீர் பிடிவாதம் பிடித்தீர். துணைக்கு நான் வந்தேன்.

எங்கள் எட்டாம் வகுப்புத் துளசிகாவின் வீடு பைலிங் நடந்த காணிக்கு ஒட்டினாற்போல் இருந்தது. மலையகத்திலிருந்து வந்து, ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தார்கள். தாய் தையல் வேலை செய்பவர். வீட்டுச் சொந்தக்காரர் எங்களைக் கேற்றடியிலேயே பிடித்துக்கொண்டு கூடவே உள்ளே வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மகள் கனடாவில், மனைவி இல்லை, தொடர்மாடி கட்டும் கொம்பனி காணியைக் கேட்கிறது, வாடகைக்கு இருப்பவர்கள் எழும்பினால் இவர் விற்றுவிட்டுப் போய்விடுவார்.

"டீச்சர், நீங்கள் படிச்ச ஆள். சுவர் அசையுது எண்டு ஸ்கூல் பேரில ஒரு துண்டு எழுதித் தாங்கோ. ஆக்களை எழுப்ப எனக்கு அது காணும்" என்றார்.

தாய் தையல் மெஷினிலிருந்து எழும்பவில்லை. கால் மட்டும் நின்றுவிட்டது. துளசிகா கட்டிலோரம் நின்றாள். அவள் படுக்கும் கட்டில். அதற்கு மேலேதான் வெடிப்பு. கண்ணாடி முழுதாக இருந்தது.

நீர் கிட்டப் போய்ப் பிளாஸ்டரில் விரலை வைத்தீர். மற்ற வீடுகளில் அது காய்ந்து அழுக்கேறியிருந்தது. இங்கே வெள்ளை வெளேரென்று இருந்தது, உம்முடைய விரலிலும் ஒட்டியது. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. பழைய கண்ணாடி உடைந்து, அவர்கள் புதிதாக ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். துளசிகா உம்முடைய விரலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரர், "என்ன டீச்சர், உடைஞ்சுதோ?" என்றார். வெளியே மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது.

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கண்ணாடி முழுசாத்தான் இருக்கு" என்றீர்.

பிறகு என்னைப் பார்த்து, "இந்தக் கட்டிலை அங்கால போடுவமே? இதில வெளிச்சம் காணாது, பிள்ளைக்குப் படிக்க" என்றீர். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்தோம். தாய் கும்பிட்டார். நீர் அவரைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டீர்.

காலி வீதி வரும்வரை எனக்குப் பொறுமை இருக்கவில்லை. "அந்தச் சுவர் பிள்ளைக்கு மேல விழுந்தா?" என்று கேட்டேன். "உடைஞ்சுது எண்டு சொன்னா இந்தக் கிழமையே றோட்டில நிப்பினம்" என்றீர். "உயிரோட நிப்பினம்" என்றேன். நீர் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டீர். எனக்கு உம்மில் அவ்வளவு கோபம். அந்தக் கிழமை முழுக்க நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் மழை பெய்த ஒவ்வொரு காலையும், மணி அடிக்கமுதல் நீர் கேற்றடியில் குடையோடு நின்று வருகிற பிள்ளைகளைப் பார்ப்பதை மேலிருந்து நான் பார்த்தேன். நானும் அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவளுடைய தலை தெரிந்த பிறகுதான் இரண்டு பேரும் வகுப்புக்குப் போனோம்.

அடுத்த திங்கள் நீர் பெயர் கூப்பிடவில்லை. துளசிகாவை எழுப்பி "முழுசு" என்று சொல்ல வைக்க உமக்கு மனம் வரவில்லை. அவளை மட்டும் விட்டால் வகுப்பு கேட்கும். கண்காட்சி வேண்டாம் என்று அதிபரிடம் சொன்னீர். காரணம் கேட்டார், நீர் சொல்லவில்லை. வலயத்துக்கு அறிவித்த பிறகு இப்படி முகத்தில் கரி பூசலாமா என்று அவர் எல்லார் முன்னாலும் ஏசினார். நீர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர். வாயைத் திறந்தால் கதை அந்த வீட்டுக்காரரின் காதுக்குப் போய்விடும். அன்றைக்குத்தான் என் கோபம் போனது. ஸ்டாஃப் ரூமில் உமக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் துளசிகாவின் குடும்பத்துக்கு வீடு தேடினோம். குடும்பப் பெயரைக் கேட்டு, மலையகத்தார் என்று தெரிந்ததும் இல்லையென்றவர்களும் உண்டு, தையல் மெஷின் சத்தம் ஆகாது என்றவர்களும் உண்டு. கடைசியில் உமக்குத் தெரிந்த ஒருவர் வழியாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸ் கிடைத்தது. அவர்கள் சாமான் ஏற்றிப் போன அன்று உமக்குக் காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு லொறிக்குப் பக்கத்தில் நின்றீர். வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். டெங்கு.

வார்டில் உமக்குக் கதைக்கவே களைத்தது. "கொட்டாஞ்சேனை வீட்டை நான் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்ல. சுவர் எப்பிடி எண்டு தெரியாது. நீர் ஒருக்காப் போய்ப் பாரும்" என்றீர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை நீர் போய்விட்டீர்.

இப்போது சூழலோடு சேர்ந்த கற்றலுக்குச் செயலமர்வு நடக்கிறது, தேநீரும் பற்றீசும் தருகிறார்கள். இன்று இடைவேளையில் புது விஞ்ஞான டீச்சர் வந்து, "அந்தக் கண்ணாடி வேலையை நாங்களும் செய்வமே? முந்தி இருந்த டீச்சர் முடிக்காம விட்டவாவாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "முடிக்காம விடேல்ல. நிப்பாட்டினவ" என்றேன். பிறகு அவரை இருக்கச் சொல்லி, "செய்யும், நல்ல வேலை. ஆனா பிள்ளையை வீட்டுச் சுவரில ஒட்டச் சொல்ல முதல், அந்த வீடு ஆருடையது எண்டு கேளும்" என்றேன். ஏனென்று கேட்டார். அந்தப் பழைய வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள், ஆகவே முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

உமக்குச் சொல்லாமல் கிடப்பது ஒன்றுதான். உம்முடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு மறுநாள் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கதவைத் திறந்த தாய் என் கண் சுவருக்குப் போவதைக் கண்டுவிட்டார். "நீங்க என்ன பாக்க வந்திருக்கீங்கன்னு தெரியும் டீச்சர். நல்லாப் பாருங்க" என்று லைட்டைப் போட்டார். நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். துளசிகாவும் நானும் அலுமாரியை நகர்த்தி அதன் பின்னாலும் பார்த்தோம். "அந்த டீச்சர் இத பாத்தாங்களா?" என்று அவள் கேட்டாள். நான் அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

நல்ல சுவர். ஒரு வெடிப்பும் இல்லை.