நெற்றியோரத்து வெள்ளை முடி

ஹைதராபாத்
4.11.2008

அன்புள்ள மோகனாவுக்கு,

நான் சுகம். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? கீரப்பாளையத்தில் மழை விட்டதா?

நம் பாப்பாவின் படம் வந்தது. நெற்றியோரத்து வெள்ளை முடியில் அத்தை மை தடவியிருக்கிறார். வேண்டாமென்று சொல்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆய்வுக்கூடத்தில் நான் தீனி போடும் எலிகளில், நெற்றி வெளுத்த ஒன்று கை தட்டினால் திரும்பாது. முடிக்குக் கறுப்பு தரும் செல்தான் உள்காதுக்கும் சக்தி கொடுக்கிறதாம். இந்த எலிக்கு அது இல்லாததால் காது கேட்காதாம். மேசையைத் தட்டினேன், திரும்பியது! "அது அதிர்வு, ஏமாறாதே" என்று ஆய்வு நடத்தும் மேடம் சிரித்தார்.

தீபாவளிக்கு, "வெடிச் சத்தத்துக்குக்கூட முழிக்கல மாமா, அவ்ளோ சமத்து" என்று எழுதியிருந்தாய்.

போனில் கேட்க வாய் வரவில்லை. பாப்பா தூளியில் விழித்திருக்கும்போது பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டிப் பார். தூளியைத் தொடாதே. திரும்பாவிட்டால் அன்றைக்கே அண்ணாமலை நகரில் காது டாக்டரிடம் காட்டு. பயப்பட ஒன்றுமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஞாயிறன்று நான் கூப்பிடும்போது போனை அவள் காதில் வைக்காதே, முதலில் நீ பேசு. என் குரல் கேட்டுச் சிரிக்கிறாள் என்பாயே, அப்போது அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா?

செம்பியன்